இரண்டு பூட்டுக் கிணறு

என்னை "டேய் மொட்டையா" என்று ஏச இந்த உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை இருந்தது. அவன் பெயர் புண்ணியமூர்த்தி. பெரியநீலாவணையின் தெற்குப் பக்கக் கடைசி வீடு அவனுடையது. மருதமுனையின் வடக்குப் பக்கக் கடைசி வீடு என்னுடையது. நடுவே ஒரு தகர வேலி. வேலியில் ஓர் ஆள் வாளியோடு நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அவன் கடலுக்குப் போகிறவன். நான் றவூப், சைக்கிள் திருத்துகிறவன்.

காலையில் அவன் இரண்டு வாளியோடு அந்த இடைவெளியால் வருவான். நான் முற்றத்தில் ஏதாவது ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருப்பேன்.

"அடேய் தண்ணிக் கள்ளா, இண்டைக்கும் வந்திட்டியா? கிணத்தையும் தோண்டி எடுத்திட்டுப் போவன்கா!"

"போடா மொட்டையா. உன்ட வாப்பா கிணறு வெட்டக்குள்ள மண் அள்ளினது ஆரு? என்ட அப்பன். அடியில கிடக்கிற தண்ணி எங்கட. மேல கிடக்கிற காத்து உன்ட. நல்லாக் குடி!"

இப்படித்தான் எங்களுக்குப் பொழுது விடியும். எங்கள் பக்கத்தில் மச்சான் என்று கூப்பிட்டுவிட்டால் ஏசித்தான் ஆக வேண்டும். ஏசாத மச்சான் கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். ஒருநாள் புண்ணியமூர்த்தி பேசாமல் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனால், என் மனைவி றபீக்கா குசினி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "அவர்ர மனசுக்கு என்னவாம்?" என்று கேட்பாள். உடனே நான் எழும்பி வேலிக்கு அந்தப் பக்கம் போவேன்.

கடல் வந்துபோன பிறகு அவனுடைய ஒழுங்கையில் பதினொரு வீட்டுக் கிணறும் உப்பாகிவிட்டது. என் வளவு கொஞ்சம் மேடு. கிணறு தப்பியது. பதினொரு வீட்டாரும் அந்த இடைவெளியால் வந்து அள்ளினார்கள். கால் வழுக்காமல் இருக்க றபீக்கா அதில் இரண்டு கல்லுப் பதித்தாள். புண்ணியமூர்த்தியின் மனைவி சாரதாதேவி குடத்தை வைத்துவிட்டு நேரே எங்கள் குசினிக்குள் போவாள். அதிலே ஒரு குறையும் இல்லை. ஆனால் உப்புக் கிணறுகளை இறைத்து இறைத்து ஊற்றினால் பழைய நிலைக்கு வரும் என்றார்கள். அதற்கு ஒரு தண்ணீர் மோட்டார் வேண்டும். அந்த ஒரு மோட்டாரில்தான் நாங்கள் விழுந்தோம்.

சுனாமி வந்து ஏழாவது மாதம், ஒரு காலையில் நிலாந்தினி என்றொரு பிள்ளை கையில் கோப்போடு ஒழுங்கையில் வந்து நின்றாள். கரையோரச் சர்வமத உரையாடல் ஒன்றியத்தின் கள உத்தியோகத்தர். வெளியூர்ப் பிள்ளை. நல்ல பிள்ளை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் வந்து நின்ற நேரம் நாங்கள் ஏசிக்கொண்டிருந்த நேரம். முகம் வெளிறிப் போய், நாங்கள் சொல்வதையெல்லாம் ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஐயா, நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு காலமா இப்பிடி?"

"பிறந்ததில இருந்து, தங்கச்சி" என்றான் புண்ணியமூர்த்தி.

அவள் பெருமூச்சு விட்டு அதையும் எழுதினாள்.

அடுத்த வாரம் ஒன்றியத்தின் செயலாளர் தங்கராசா மாஸ்டரே நேரில் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். உட்காரச் சொன்னாலும் நின்றபடிதான் கதைப்பார். மோட்டார் இருக்கிறது, ஆனால் அது முரண்பாட்டால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு மட்டும்தான் என்று விளக்கினார்.

"எங்களுக்குள்ள ஒரு முரண்பாடும் இல்லையே மாஸ்டர்" என்றேன்.

"அப்ப நான் என்ன செய்ய? சந்தோசமா இருக்கிற ஆக்களுக்கு நல்லிணக்கம் குடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல, றவூப். பிள்ளை நிலாந்தினி எழுதிக்கொண்டு வந்த அறிக்கை கிடக்கு. நீர்வளம் தொடர்பான இன முறுகல். கள்ளன் எண்டு ஒராள் சொல்லியிருக்கார். அடித்தண்ணிக்கு மற்றவர் உரிமை கோரியிருக்கார். இதில கையெழுத்து வச்சா மோட்டார் வரும்."

நானும் புண்ணியமூர்த்தியும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் பதினொரு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்று எங்களைப் பார்த்தார்கள். கையெழுத்து வைத்தோம். எங்கள் இரண்டு பேருடைய வாழ்க்கையிலும் அதைவிடப் புத்திகெட்ட வேலை வேறு கிடையாது.

மூன்றாம் நாள் வந்தது மோட்டார் இல்லை. மேசன்மார் இரண்டு பேர் வந்து என் கிணற்றுக்கு இரும்புக் கம்பியில் ஒரு மூடி போட்டார்கள். மூடிக்கு இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு.

"முரண்பாட்டுக்குரிய வளத்த, உரையாடல் முடியிற வரைக்கும் ரெண்டு தரப்பும் பாவிக்கேலாது" என்றார் தங்கராசா மாஸ்டர். "இது நடுநிலை மூடி. ரெண்டு திறப்பும் சேந்தாத்தான் திறக்கும். தமிழ்த் தரப்பின்ர திறப்பு ஒன்றியத்தின்ர தலைவர் ஷரிபுதீன் ஹாஜியாரிட்ட இருக்கும். முஸ்லிம் தரப்பின்ர திறப்பு என்னட்ட. நம்பிக்கைய வளர்க்கத்தான்."

"இது என்ட கிணறு மாஸ்டர்!"

"பாத்தீங்களா?" என்று நிலாந்தினி பக்கம் திரும்பினார். "எழுதுங்க பிள்ளை. உரிமைகோரல்."

"பூட்ட உடைச்சா?" என்றான் புண்ணியமூர்த்தி.

"திட்டச் சொத்து. பொலிஸுக்குப் போகும். பதினொரு வீட்டுப் பேரும் மோட்டார் லிஸ்டில இருந்து வெட்டுப்படும். உங்கட விருப்பம்."

உரையாடல் மொத்தம் ஏழு கட்டமாம். அதுவரை பிரதான வீதிக்கு பவுசர் லொறியில் தண்ணீர் வரும். அன்று பின்னேரம் றபீக்காவும் சாரதாதேவியும் இரண்டு குடத்தோடு ஒன்றாக வீதிக்கு நடந்தார்கள். போகும்போது றபீக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

முதலாம் கட்டம் கல்முனையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கு "தரப்பு ஆ" என்று நெஞ்சில் ஓர் அட்டை குத்தினார்கள். அவன் "தரப்பு அ." முதலில் மங்கள விளக்கு. விளக்கில் ஐந்து திரி, மேடையில் நான்கு மதம். ஐந்தாவது திரி யாருக்கு என்று நாற்பது நிமிடம் மிகவும் கண்ணியமாகக் கதைத்தார்கள். கடைசியில் அதைக் கொளுத்தாமல் விடுவது என்றும், அதற்கு நடுநிலைத் திரி என்று பெயர் வைப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அதற்குள் மற்ற நான்கு திரியில் இரண்டு அணைந்துவிட்டது.

ஷரிபுதீன் ஹாஜியார் தலைமையுரை ஆற்றினார்.

"நானும் தங்கராசா மாஸ்டரும் ஒரே ஊர்ச் சந்தியில் முப்பது வருடம் இருந்தும் ஒரு நாளும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. இந்த ஒன்றியம் தொடங்கிய பிறகு மாதத்தில் இரண்டு முறை சந்திக்கிறோம். இப்போதும் கதைப்பதில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறோம். இதுதான் முன்னேற்றம்! சண்டை தீர்ந்தால் இவர்களுடைய வேலை போய்விடும் என்று சிலர் கதைக்கிறார்கள். அப்பட்டமான பொய். சண்டை தீர்ந்தாலும் எங்கள் வேலை தொடரும் என்பதற்கு நான் உத்தரவாதம்!"

நன்றாகக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அட்டை குத்தியிருக்கும்போது தட்டாமல் இருக்க முடியாது.

தேநீருக்கு மூன்று மேசை. மரக்கறி மேசை, ஹலால் மேசை, பொது மேசை. என் மகளின் கலியாணத்தில் புண்ணியமூர்த்தி என்னோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன். கறித்துண்டை என் பக்கத்தில் இருந்து இழுத்ததற்கு நான் அவன் கையில் அடித்ததுகூட நினைவிருக்கிறது. அதே பழக்கத்தில் அன்றும் என் தட்டில் இருந்து ஒரு ரோல்ஸை எடுக்கக் கை நீட்டினான். ஒரு தொண்டர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார்.

"ஐயா, உங்கட மேசை அங்கால கிடக்கு."

பிறகு எங்களை எதிரெதிரே இருத்தி, மனதில் உள்ள காயத்தைச் சொல்லச் சொன்னாள் நிலாந்தினி.

"காயம் ஒண்டும் இல்ல தங்கச்சி" என்றேன். "நாங்க கூட்டாளிமார். அது பகிடி. மச்சான்மார் அப்பிடித்தான் ஏசுவம்."

"ஓம் பிள்ளை. இவன் மொட்டையன்தானே, அதான் மொட்டையன் எண்டு சொன்னன்" என்றான் அவன்.

அவள் இரக்கத்தோடு தலையாட்டினாள். "இதுக்குப் பேர் மறுப்புக் கட்டம். பிரச்சினை இல்லை எண்டு ரெண்டு பேரும் சேந்து சொல்லுறது. ஆழமான காயம் உள்ள ஆக்கள்தான் இப்பிடிச் சொல்லுவாங்க."

இரண்டாம் கட்டத்திலும் அதையே சொன்னோம். மறுப்பு இன்னும் ஆழமாகிவிட்டது என்று எழுதினாள். மூன்றாம் கட்டத்தில் சிரித்தோம். அது வலியை மறைக்கும் சிரிப்பாம். ஒருமுறை நாங்கள் ஒன்றும் கதைக்காமல் இருந்து பார்த்தோம். அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இல்லை என்று சொன்னாலும் பிரச்சினை இருக்கிறது, ஆம் என்று சொன்னாலும் இருக்கிறது. அல்லாஹ்வே, அந்த ஒன்றியத்துக்குள் போக வாசல் இருந்தது, வெளியே வர ஒரு யன்னல்கூட இல்லை.

ஒன்றரை வருடம் போய்விட்டது. பதினொரு வீட்டாரும் புண்ணியமூர்த்தியை விடவில்லை. "அண்ணே, கொஞ்சம் வடிவாச் சண்டை பிடிச்சுக் குடுங்களன். ஒரு நாளைக்குத்தானே" என்றார்கள். சரி, நான்காவதான கோபக் கட்டத்தைக் கடந்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம். வேலியடியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். அவன் வாளியை ஓங்குவான், நான் சைக்கிள் பம்பை ஓங்குவேன். சாரதாதேவியும் றபீக்காவும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக இருந்து சிரித்த கடைசிப் பின்னேரம் அது.

மேடையில் கள்ளன், மொட்டையன், அடித்தண்ணீர், மேல்காற்று எல்லாம் விட்டு விளாசினோம். மண்டபம் அசந்துபோனது. நிலாந்தினிக்கு மட்டும் போதவில்லை.

"நல்லம். ஆனா இது மேலோட்டக் கோபம். வேர் இன்னும் வரேல்ல. தண்ணிக்கு முதல் என்ன நடந்த? தோண்டுங்க ஐயா, தோண்டுங்க."

வேர் வரும்வரை ஐந்தாம் கட்டத்துக்குப் போக முடியாது என்றார்கள். மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள். அதற்கிடையில் ஒரு மாரியில், வீதியில் இருந்து தண்ணீர் சுமந்து வந்த சாரதாதேவி சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். படுக்கையில் இருந்து எழும்ப முடியவில்லை. அந்தக் கிழமையும் உரையாடல் இருந்தது. புண்ணியமூர்த்தி வரமாட்டேன் என்றான். வராவிட்டால் முதலாம் கட்டத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்று தங்கராசா மாஸ்டர் ஆள் அனுப்பினார். வந்தான்.

அன்று மின்சாரம் இல்லை. மண்டபம் வெந்துகொண்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது. வேர் வந்த பிறகுதான் சாப்பாடு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். "தண்ணிக்கு முதல் என்ன?" என்று நிலாந்தினி பத்தாவது தடவை கேட்டாள். புண்ணியமூர்த்தி அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு எழும்பினான். அவன் முகம் ஒத்திகையில் நான் பார்த்த முகம் இல்லை.

"தொண்ணூறாம் ஆண்டு நீ எங்கடா இருந்த?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"நீ எங்கடா இருந்த?"

இரண்டு பக்கத்திலும் ஆட்கள் காணாமல் போன அந்த வருடம், அவன் வீட்டில் ஒருவர் போனார், வரவில்லை. என் வீட்டிலும் ஒருவர் போனார், வரவில்லை. அவன் அண்ணனைத் தேடி அவன் அலைந்தபோது நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். என் தம்பியை நான் தேடியபோது அவனும் அப்படித்தான் இருந்தான். பயத்தில் இருந்தோம், வேறு ஒன்றும் இல்லை. அதை இரண்டு பேரும் ஒரு நாளும் கதைத்ததில்லை. மறந்துபோய் இல்லை. கதைத்தால் வேலியில் அந்த இடைவெளி மிஞ்சாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வருடக்கணக்காக அந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றி நடந்தோம். காலையில் கள்ளா, மொட்டையா என்று ஏசிக்கொண்டதெல்லாம், "நான் இன்னும் உன்னோடுதான்" என்று சொல்கிற சொல். அதை அந்த மண்டபத்தில் யாருக்கு விளக்குவது?

கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. நிலாந்தினி அழுதாள். ஹாஜியார் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக் கட்டிப்பிடிக்க வைத்தார். அவன் நெஞ்சு இடித்தது என் நெஞ்சில் தெரிந்தது. தங்கராசா மாஸ்டர் ஒலிவாங்கியில் அறிவித்தார்.

"வேர் வந்துவிட்டது. மதிய உணவு தயார்."

அதோடு விடுவார்கள் என்று நினைத்தோம். விடவில்லை. நாங்கள் முன்மாதிரித் தரப்புகள் ஆகிவிட்டோம். ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தம்பிலுவிலில் ஒரு தடவை, பொத்துவிலில் இரண்டு தடவை, எங்கெங்கோ எத்தனையோ தடவை. ஒவ்வொரு மேடையிலும் கள்ளன், மொட்டையன், அடித்தண்ணீர், பிறகு அந்தக் கேள்வி, அந்தப் பதில், அணைப்பு. தங்கராசா மாஸ்டர் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார்.

"புண்ணியமூர்த்தி, 'எங்கடா' எண்டதுக்கு முதல் ஒரு மூச்சு விட்டுக் கேளுங்க. பின்வரிசைக்கு விளங்குதில்ல. றவூப், நீங்க போன முறை நல்லா அழுதீங்க. இண்டைக்கு ஏன் குறைவு?"

வானுக்குள் முதலில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் இருந்தோம். பிறகு அவன் முன்சீட், நான் பின்சீட். வேலியடியில் சந்தித்தால் "மச்சான்" என்று கூப்பிட வாய் வரும். ஆனால் அடுத்த சொல் என்ன வரும் என்று பயமாக இருக்கும். எல்லாச் சொல்லும் மேடைக்குப் போய்விட்டது. அவன் சைக்கிளுக்குக் காற்றுப் போடக்கூட என்னிடம் வருவதில்லை. மீன் மட்டும் சில நாள் யாரிடமாவது கொடுத்து அனுப்புவான்.

யுத்தம் முடிந்த வருடம், எங்கள் ஏழாம் கட்டமும் முடிந்தது. என் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். ஹாஜியாரும் மாஸ்டரும் பட்டுத்துணி விரித்த தட்டில் திறப்புகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பூட்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. கடைசியில் என் கடையில் இருந்தே இரும்பு அறுக்கிற வாளை எடுத்துவரச் சொன்னார்கள். ஆறு நிமிடத்தில் இரண்டு பூட்டும் விழுந்தன. நாலு வருடம் அந்த வாள் கிணற்றில் இருந்து இருபது அடி தூரத்தில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நினைக்க எனக்கு என் கன்னத்திலேயே அறைய வேண்டும்போல் இருந்தது.

மோட்டாரும் வந்தது. பொய் சொல்லக்கூடாது. பச்சைப் பெயின்ற் அடித்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தூணின் மேல் அதை வைத்து இறுக்கினார்கள். நல்லிணக்கச் சின்னமாம். அதை இயக்கினால் சின்னத்துக்குப் பழுது வருமாம். திட்டப் பலகை நட நல்ல இடம் தேடி, வேலியில் இருந்த இடைவெளியிலேயே நட்டார்கள். றபீக்கா பதித்த இரண்டு கல்லும் அதன் அடியில் போய்விட்டன. பலகையில் நேர அட்டவணை இருந்தது. காலை தரப்பு அ, மாலை தரப்பு ஆ. என் வாப்பா வெட்டிய கிணற்றில் பின்னேரம் மட்டும் அள்ள எனக்கு அனுமதி.

ஹாஜியாரின் நிறைவுரை சுருக்கமாக இருந்தது. "இரு சமூகங்களும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் வாழும் முறையை நாங்கள் இங்கே கண்டுபிடித்திருக்கிறோம். இதை மற்ற ஊர்களுக்கும் கொண்டு செல்வோம்."

அடுத்த நாள் காலை நிலாந்தினி இறுதி மதிப்பீட்டுப் படிவத்தோடு வந்து முற்றத்தில் இருந்தாள். நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். படலையடியில் யாரோ இருமினார்கள்.

"வீட்டுக்காரர்!"

புண்ணியமூர்த்தி. வீதியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பிறந்ததில் இருந்து அவன் என் வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டதே இல்லை.

"வாங்க" என்றேன். அந்தச் சொல் என் வாயில் இருந்துதான் வந்தது.

அவன் இரண்டு வாளியையும் வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளினான். கயிறு கப்பியில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். தண்ணிக் கள்ளா என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதற்குப் பின்னால் ஒலிவாங்கியும் கைதட்டலும் அந்தக் கேள்வியும் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டேன். அவனும் ஒருமுறை நிமிர்ந்து என் தலையைப் பார்த்தான். உதடு கொஞ்சம் அசைந்தது. ஏசுடா, ஏசித் தொலையடா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"அப்ப வாறன், றவூப்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியாலேயே சுற்றிப் போனான்.

நிலாந்தினிக்குக் கண் கலங்கியிருந்தது. "நாலு வருசத்துக்கு முதல் இந்த ஒழுங்கையில நிண்டு நான் என்னென்ன ஏச்செல்லாம் கேட்டன் ஐயா! இப்ப பாருங்க." படிவத்தின் கடைசிக் கேள்வியை வாசித்தாள். "இரு தரப்பினரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது. அடிக்கடி, இடைக்கிடை, முற்றாக இல்லை."

"முற்றா இல்ல, தங்கச்சி" என்றேன்.

அவள் சந்தோசமாகச் சரி போட்டாள். அவள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

றபீக்கா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "அவர்ர மனசுக்கு என்னவாம்?" என்று கேட்டாள். நான் எழும்பி வேலியடிக்குப் போனேன். பலகை நின்றது. திரும்பி வந்து டியூபை மறுபடி தண்ணீரில் அமுக்கினேன்.